பத்து நொடி நாடி

சிதம்பரம்
18 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய அக்கா தைலம்மாள் அவர்களுக்கு,

தம்பி செந்தமிழ்செல்வன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி கனிமொழியும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கப்போவதில்லை. விசாரித்தால் நீங்கள் பொய் சொல்ல வேண்டிவரும்; அந்தச் சிரமத்தை உங்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் இரண்டு வார்த்தைக்குள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். அதன்பின் எதற்காக அழைத்தேன் என்பதே எனக்கு மறந்துபோகும். காகிதத்தை உங்களால் சிரிக்க வைக்க முடியாது.

நேற்று பவானி அழைத்தாள். உங்களிடம் பள்ளியில் கபடி கற்று, இன்று ஐம்பது வயதில் முதுநகர் இல்லத்தரசிகள் அணிக்குத் தலைமை தாங்கும் அதே பவானிதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தம்பியிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், டீச்சர் பிராக்டீஸ் நடுவுல கிரவுண்டுல உக்காந்துட்டாங்க சார். அவுங்க உக்காந்து நாங்க யாரும் பார்த்ததே இல்ல. கேட்டதுக்கு, 'லேஸ் கட்டறேன், போய் ஆடுங்கடி'ன்னாங்க. அவுங்க போட்டிருந்தது லேஸே இல்லாத ஷூ சார்."

அதன்பின் நான் தீபாவளியை நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பக்கத்து வீட்டுக் கோலங்களைப் பாராட்டினீர்கள். கோலம் பாராட்டுகிற ஆளா நீங்கள்? சாயங்காலம் கோயிலின் நான்கு வீதியும் சுற்றி வரலாம் என்று கனிமொழி கூப்பிட்டபோது கீழ வீதியோடு போதும் என்றீர்கள். மத்தியானம் தூங்கினீர்கள். எழுபது வயதில் முதன்முறையாகப் பகலில் தூங்கிய உங்களைப் பார்த்து, "வயசாகுதில்ல" என்றாள் கனிமொழி. நீங்களும் "வயசாகுதில்ல" என்றீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு உள்ள வெறுப்பை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதரின் உடம்பு உதவி கேட்டுத் தட்டும்போது கதவைச் சாத்துவதற்கென்றே அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இந்த வாரத்துக்குள் ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள். எடுக்கும் வரை உங்கள் அழைப்புகளை நான் ஏற்கமாட்டேன். இது விளையாட்டல்ல.

கோபம் தணியாத,
செந்தமிழ்செல்வன்


கடலூர் முதுநகர்
23 நவம்பர் 2025

அன்புத் தம்பி செல்வனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கனிமொழியைக் கேட்டதாகச் சொல். உன் கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய', 'அவர்களுக்கு', 'நீங்கள்' எல்லாம் பார்த்தேன். பவானி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், பேங்க் நோட்டீஸா?" என்று கேட்டாள். ஆமாம், வட்டியோடு கேட்கிறான் என்றேன்.

உன்னிடம் மறைத்தது உண்மை. ஆடி மாதத்திலிருந்து இருக்கிறது. நெஞ்சுக்குள் ஏதோ புரளும். துறைமுகத்தில் கூடையில் கொட்டிய மீன் துள்ளுமே, கொஞ்சம் துள்ளும், சும்மா கிடக்கும், மறுபடி நினைக்காதபோது துள்ளும், அந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். வலி இல்லை. வலிக்காத ஒன்றை வியாதி என்று எப்படிச் சொல்வது? அது வந்து போன நாளில் உடம்பு மட்டும் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடக்கும். எழுந்தால் லேசாகத் தலை சுற்றும்.

நானும் சும்மா இருக்கவில்லை. நாடி பிடிப்பது எனக்குத் தெரியாத வேலையா? எத்தனை பிள்ளைகளுக்கு ஓடி வந்ததும் பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கிச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அப்படியே எண்ணினேன். முதலில் அறுபத்தாறு வந்தது. உடனே மறுபடி எண்ணினால் நூற்றுக்கு மேல். மூன்றாம் தடவை வேறொன்று. வாட்ச்சில்தான் கோளாறு என்று கடைக்குக் கொண்டுபோனேன். "டீச்சர், வாட்ச்சு நல்லாத்தான் ஓடுது" என்றார் கடைக்காரர். "அப்போ நான்தான் ஓடலையா?" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இருந்தாலும் சந்தேகத்துக்கு வேறு வாட்ச் வாங்கினேன். அதுவும் அப்படியே. இந்தக் காலத்து வாட்ச் எதுவும் சரியில்லை என்று விட்டுவிட்டேன். பவானி வீட்டில் பிரஷர் மிஷினில் பார்த்தால் ஓரத்தில் ஒரு இதயப் படம் விட்டுவிட்டு மின்னுகிறது. "மிஷினு பழசு டீச்சர், கண்டதையும் காட்டுது" என்றார் அவள் வீட்டுக்காரர்.

சரி, இப்போது நிஜமான காரணம். டாக்டரிடம் போனால் முதல் வார்த்தை "ரெஸ்ட் எடுங்க" என்பார். பக்கவாதம் வந்த அம்மாவை எட்டு வருடம் தூக்கி உட்கார வைத்து, சாப்பாடு ஊட்டி, படுக்க வைத்தவள் நான். உட்கார்ந்த உடம்பு எப்படிக் கரையும் என்று எனக்குத் தெரியும். காணும் பொங்கலுக்கு இங்கே பெண்கள் கபடி. கம்மாபுரம் அணி வருகிறது. நான்தான் நடுவர். என்னை ஒருமுறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் நான் எழுந்திருக்கவே மாட்டேன், தம்பி. பொங்கல் கழியட்டும், நீ சொல்கிற இடத்துக்கெல்லாம் வருகிறேன்.

ஃபோனை எடு. உன் குரலைக் கேட்காமல் வீடு என்னவோ போல் இருக்கிறது.

உன் அக்கா,
தைலம்


சிதம்பரம்
28 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

'நீ' என்றே எழுதுகிறேன். கோபம் குறைந்துவிட்டது என்று பொருள் கொள்ளாதே. உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அது கூடியது.

புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் முதலில் உன் கணக்கைத் திருத்துகிறேன். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குவது சீராக அடிக்கும் நாடிக்கு உரிய வழி. ஓடி வந்த பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது சரி. நாடி சீர் கெட்டிருந்தால், எந்தப் பத்து நொடியைப் பிடித்தாய் என்பதைப் பொறுத்து விடை மாறும். உள்ளே புகுந்த பிழையையும் நீ ஆறால் பெருக்கிக்கொண்டிருந்தாய். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எத்தனை என்பதைவிட, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று விரலால் கேட்க வேண்டும். இரண்டு வாட்ச்சும் ஒழுங்காகத்தான் ஓடின. பவானி வீட்டு மிஷின் கண்டதையும் காட்டவில்லை. துடிப்பில் ஒழுங்கில்லை என்று சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் படம்தான். உண்மையைச் சொன்ன மூன்று கருவிகளையும் பொய்யென்று தள்ளிவிட்டு, பொய் சொன்ன ஒரே ஆளை, அதாவது உன்னை, நீ நம்பியிருக்கிறாய்.

என்னோடு விடுதியில் இருந்த விஸ்வேஸ்வரன் இங்கே இதய மருத்துவராக இருக்கிறார். அவரிடம் போனேன். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். மீன் உவமையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும் கோளாறு ஒன்று உண்டாம், வயதானவர்களிடம் அதிகமாம். சிலருக்குப் படபடப்பு தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது. பலருக்கு அது நெஞ்சில் தெரியாமல் வாழ்க்கையில் தெரியும்: மூச்சு வாங்கும், களைப்பு வரும், தலை சுற்றும். மாடி வேண்டாம், நடை வேண்டாம், கடைத்தெரு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துவிட்டு வயசாகுது என்பார்கள். நான்கு வீதியில் மூன்றை நீ விட்டுக்கொடுத்தது இப்படித்தான்.

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. எட்டு வருடம் தூக்கியிருக்கிறாய். அம்மாவுக்கு இருந்தது இதுதானா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. "படபடங்குது" என்று அம்மா சொன்னபோதெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தார்கள் என்றேன். விஸ்வேஸ்வரன் பேனாவை மறுபடி எடுத்து அதையும் குறித்துக்கொண்டார்.

நாற்காலிக்குப் பயந்து, நாற்காலியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாய். என் கோபமெல்லாம் இதுதான்.

ஏனென்றால் நீ பயப்படுகிற ஆளே இல்லை. டிராயர் போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் ஆடக்கூடாது என்று அப்பாமார்கள் பள்ளிக்கூட வாசலில் கூடிய அன்று நான் அங்கே இருந்தேன். நீ சத்தம் போடவில்லை. "வாங்க, வேட்டியோட ஒரு ரெய்டு பாடிட்டுப் போங்க. முடிஞ்சா உங்க பொண்ணும் பாவாடையோட ஆடட்டும்" என்றாய். ஆறு பேர் முன்வந்தார்கள். முதல் ஆள் வேட்டி தடுக்கி விழுந்தார். இரண்டாம் ஆள் நான்கடி போவதற்குள் பாட்டு நின்றுபோயிற்று. மூன்றாம் ஆள் பவானியின் அப்பா. இறங்காமலே, "டீச்சர், டிராயரே போடட்டும்" என்றார். ஊரையே கோட்டுக்குள் இழுத்து மூச்சு வாங்க வைத்தவள் ஒரு ஈ.சி.ஜி. அறைக்குப் பயப்படுகிறாள் என்று நான் எப்படி நம்புவது?

போ. எடு. பிறகு பேசலாம்.

உன் தம்பி,
செல்வன்


கடலூர் முதுநகர்
9 டிசம்பர் 2025

அன்புத் தம்பி,

எடுத்துவிட்டேன்! இதோடு நகல் வைத்திருக்கிறேன், உன் நண்பரிடம் காட்டு. நார்மல். டாக்டரே வாயைத் திறந்து "நார்மலா இருக்கும்மா" என்றார். நர்சுப் பெண் என் கையைப் பிடித்துப் பார்த்து, "ஆன்ட்டி, உங்களுக்கு எழுபதா? எங்கம்மாவுக்கு அம்பதுலயே முட்டி போச்சு" என்றாள். அந்தப் பெண்ணைப் பொங்கலுக்குப் பிறகு பிராக்டீசுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நான் ஜெயித்துவிட்டேன். இப்போது ஃபோனை எடுப்பாயா?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒரு நாள் முழுக்க ஒரு மிஷினை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒயரைக் கட்டிக்கொண்டு கிரவுண்டில் நின்றால் இவளுங்க ஆட்டத்தைப் பார்ப்பாளுகளா, என்னைப் பார்ப்பாளுகளா? ஏற்கெனவே கேட்ச் பிடிக்கச் சொன்னால் "டீச்சர், மூட்டு வலிக்குது" என்கிறாளுக. நான் கணுக்காலைப் பிடித்துக் காட்டினால்தான் பிடிக்கிறாளுக.

மழை விட்டுவிட்டது. மைதானத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. மனசு நிம்மதியாக இருக்கிறது.

ஜெயித்த அக்கா,
தைலம்


சிதம்பரம்
14 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நகலை விஸ்வேஸ்வரனிடம் காட்டினேன். "இந்த ஈ.சி.ஜி. எடுத்த நேரத்தில் இவருக்கு எதுவும் இல்லை என்பதற்கு மட்டும் இது சாட்சி" என்றார். இந்தக் கோளாறு வந்து வந்து போகும் வகை உண்டு. வராத நேரத்தில் எடுத்தால் தாள் சுத்தமாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் ஒரு நாள் முழுக்கக் கருவி. அதை நீ வேண்டாம் என்றாய். திருடன் வெளியே போயிருந்தபோது வீட்டைச் சோதித்துவிட்டு, திருடனே இல்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய்.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். உனக்குத் தெரியாமல் செய்யவில்லை; செய்த அன்றே எழுதுகிறேன். போட்டிக் குழுச் செயலாளர் தமிழ்மணிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். உனக்கு இதயத் துடிப்பில் கோளாறு இருப்பதாகச் சந்தேகம் இருக்கிறது, பரிசோதனை முடியும் வரை உன்னை நடுவராக நிறுத்தக்கூடாது, நிறுத்தி ஏதாவது ஆனால் அவர்கள் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தள வீடு ஒன்று காலியாகிறது. படி ஏற வேண்டியதில்லை. உனக்காகப் பேசி வைத்திருக்கிறேன். தையில் இங்கே வந்துவிடு.

நீ என்ன எழுதுவாய் என்று தெரியும். எழுது.

செல்வன்


கடலூர் முதுநகர்
22 டிசம்பர் 2025

செல்வனுக்கு,

தமிழ்மணி வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு வாங்கி வருவார்களே, அதே மாதிரி ஒரு பையில். என் வீட்டில், என் எதிரில், மெல்லிய குரலில் பேசினார். அவர் மனைவி அணியில் ஆடுகிறாள்; அவள் தப்புச் செய்தால் வாசல் வரைக்கும் என் சத்தம் கேட்கும். அந்த மனிதர் என்னிடம் மெல்லிய குரலில் பேசினார்.

"டீச்சர், நீங்க எங்களுக்கு நடுவர விட ஜாஸ்தி. இந்த வருசம் நீங்கதான் சீஃப் கெஸ்ட்டு. மேடையில உக்காந்தா போதும். பொன்னாடை போத்தறோம். தனியா ஃபேன் வெச்சுடறோம்."

நான் எதற்குப் பயந்தேன் என்று உனக்கு எழுதினேன். உலகத்தில் உனக்கு மட்டும்தான் எழுதினேன். அதை எடுத்துத் தபாலில் போட்டுவிட்டாய்.

வரிசை புருஷன் வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள் என்று எல்லோரும் சிரித்தபோதும், உனக்கு வேலை கிடைத்த வருடத்திலிருந்து கல்யாணம் ஆகாத அக்காவுக்கு நீ கரும்பும் அரிசியும் மஞ்சளும் கொண்டுவந்தாய். "எங்க அக்கா இருக்கற வீடு எங்க அக்கா வீடு" என்று தெருவிலேயே நின்று சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்தப் பொங்கலுக்கு வரிசை கொண்டுவராதே. வாசலில் உன்னை நிற்க வைத்துத் திருப்பி அனுப்ப எனக்குத் தெம்பில்லை. கீழ்த்தள வீடு எனக்கு வேண்டாம்.

தைலம்மாள்


சிதம்பரம்
11 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

வரமாட்டேன். நீ சொன்னபடி.

நான் செய்ததற்கு விளக்கம் எழுதவில்லை. உனக்குப் புரியாதது எதுவும் அதில் இல்லை. கனிமொழி என்னோடு மூன்று நாள் பேசவில்லை என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

ஒன்றே ஒன்று. அது மறுபடியும் வரும். அடங்கட்டும் என்று காத்திருக்காதே. நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய் ஈ.சி.ஜி. எடு. தனியாகப் போகாதே. மயக்கமோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால், முகம் கோணினால், பேச்சு குழறினால், 108-ஐக் கூப்பிடச் சொல்.

உன் மேல் எனக்கு இருப்பது கோபம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். ஐம்பத்தேழு வயதில் ஒருவன் இன்னொரு மனிதரைப் பார்த்து இவரைப் போல் நான் இல்லையே என்று நினைப்பது அரிது. நான் பணியாற்றும் துறையில் அப்படி ஒருவரும் இல்லை. என் நண்பர்களிலும் இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

செல்வன்


கடலூர் முதுநகர்
21 ஜனவரி 2026

தம்பி செல்வனுக்கு,

பவானி உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சொன்னால் எல்லாம் சினிமா மாதிரி இருக்கும். நடந்ததை நான் எழுதுகிறேன்.

காணும் பொங்கலன்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஃபேன் என் முகத்துக்கு நேராக ஓடியது. நடுவராக வந்திருந்தவர் கோட்டைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்மாபுரத்துப் பெண்கள் கெட்டி. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரிகள், யாருக்கும் ஓரடி விட்டுக்கொடுக்கமாட்டாளுக. நம் அணி பின்னால் போய்க்கொண்டிருந்தது. பவானி ரெய்டு போனாள். அப்போது நெஞ்சில் மீன் துள்ள ஆரம்பித்தது.

முந்தானைக்குள் கையை வைத்து நாடி பிடித்தேன். முழு ஒரு நிமிடம், நீ சொன்ன மாதிரி. எத்தனை பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன், தம்பி. இப்படி ஒன்றை நான் பிடித்ததே இல்லை. ஒரு அடி அடுத்த அடியைப் போல் இல்லை. இரண்டு சேர்ந்து வரும், பிறகு ஆளையே காணோம், பிறகு மூன்று. விரல் என்னுடையதுதானா என்றுகூடத் தோன்றியது.

இப்போது நான் உட்கார்ந்தே இருந்தால் ஆட்டம் முடிவதற்குள் அது போய்விடும். நாளைக்கு ஈ.சி.ஜி. எடுத்தால் நார்மல் வரும். உனக்கு நகல் அனுப்பலாம். மறுபடியும் ஜெயித்துவிடலாம். இதையெல்லாம் நினைத்தேன், மறைக்கவில்லை.

ஆனால் முப்பத்திரண்டு வருடமாக நான் ஒரே பாடத்தைத்தான் திட்டித் திட்டிச் சொன்னேன். தொட்டது அம்பயர் கண்ணுக்குத் தப்பலாம், தொடப்பட்டவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கோட்டுக்குள் நிற்கிறவள் என் அணியில் வேண்டாம். கையைத் தூக்கிவிட்டு வெளியே போ.

கையைத் தூக்கினேன். சீஃப் கெஸ்ட் பேசப்போகிறார் என்று நினைத்துத் தமிழ்மணி ஓடிவந்து கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். கொடுத்ததை என்ன செய்வது? "நான் அவுட்டு. ஆட்டோ கூப்புடுங்க" என்றேன். கூட்டம் கைதட்டியது. பிறகுதான் புரிந்து அடங்கியது. பவானி கோட்டை விட்டு ஓடிவந்தாள். "வந்தீன்னா ஒரு ஆள் கொறையும். போய் ஆடுடி" என்றேன். "ஆட்டமும் மயிரும்" என்று சொல்லி ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஆட்டம் நமக்குத் தோல்வி. என்னால்தான்.

துள்ளிக்கொண்டிருக்கும்போதே எடுத்தார்கள். அதேதான், உன் நண்பர் சொன்னதேதான். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேன், இரத்தம், தைராய்டு எல்லாம். துடிப்பை அடக்க ஒரு மாத்திரை. இரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்று. அடிபடக்கூடாதாம், பட்டால் இரத்தம் நிற்காதாம். அதனால் கணுக்காலைப் பிடித்துக் காட்டும் வேலை இனி இல்லை. அது எனக்குக் கொஞ்சம் அழுகை வந்த இடம்.

"அப்போ உக்காந்துடணுமா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த டாக்டருக்கு நம் கனிமொழி வயசு இருக்கும். "யாரும்மா சொன்னது? நடங்க. துடிப்பு கட்டுக்குள்ள வந்ததும் கோட்டுக்கு வெளியில நின்னு தாராளமா நடுவரா இருங்க" என்றார். இதைக் கேட்பதற்கு ஆறு மாதம் பயந்திருக்கிறேன்.

ஈ.சி.ஜி.க்கு உனக்கு நன்றி. ஒரு நிமிடம் எண்ணச் சொன்னதற்கு நன்றி. நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் கையைத் தூக்கியிருக்கமாட்டேன்.

தமிழ்மணிக்கு எழுதியதை மன்னிக்கமாட்டேன். அதை இதோடு சேர்த்துக் கழிக்க முடியாது. அது வேறு, இது வேறு. அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தபோது என் ஊர் முழுக்க என்னைப் பாவமாகப் பார்த்தது. உன்னிடம் அப்படி ஒரு பார்வையை நான் என்றைக்கும் பார்த்ததில்லை. அந்தப் பார்வையைத்தான் நீ ஊருக்கு எழுதிக் கொடுத்தாய்.

மருந்து தவறாமல் சாப்பிடுகிறேன். விரத நாளிலும் சாப்பிடுகிறேன், கேட்காதே.

தைலம்


சிதம்பரம்
26 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை விஸ்வேஸ்வரனிடம் படித்துக் காட்டினேன். மைக் வரும் இடத்தில் அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இவரை நான் பார்க்க வேண்டும்" என்றார். "மருத்துவராகவா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார்.

இதயம் சீர் கெட்டவர்கள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுப்பதில்லை என்கிறார் அவர். விழுந்த பிறகுதான் வருகிறார்கள், அல்லது யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஊர் கூடியிருக்கும் இடத்தில், போர்த்திய ஆடையோடு எழுந்து நின்று, தன் தோல்வியைத் தானே அறிவித்துவிட்டு ஆட்டோவில் ஏறியவர் ஒருவரையும் அவர் பார்த்ததில்லையாம். நானும் பார்த்ததில்லை. என் வாழ்நாளில் நான் கேள்விப்பட்ட மிகத் துணிச்சலான காரியம் இதுதான் என்று எழுதுகிறேன். அதைச் செய்தது என் அக்கா என்று எழுதும்போது, இந்த இரண்டு மாத ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் என்கிறாய். ஒரு கேள்வியைக் கேட்டு ஒரு பதிலை வாங்க ஆறு மாதம். மாடிப்படியில், கடைத்தெருவில், மைதானத்தில், இத்தனை பேர் உன்னைப் பார்த்தோம். பவானியைத் தவிர ஒருவர்கூட "ஏன் நிற்கிறாய்?" என்று கேட்கவில்லை. வயசாகுது என்று எல்லோரும் சேர்ந்து உன்னை வழியனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கோபம் எனக்குப் போகாது, போகவும் வேண்டாம். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் அபயாம்பாள் மாமி நேற்றுப் படியில் நின்று மூச்சு வாங்கினார். காரணம் கேட்டேன். "வயசாச்சுடா" என்றார். அவர் மகனை அழைத்து, அவனுக்குப் பிடிக்காத முறையில் பேசியிருக்கிறேன்.

கீழ்த்தள வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். உன் வீடு முதுநகரில் இருக்கிறது. அதை மாற்ற நான் யார்?

தமிழ்மணிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி. நீ மன்னிக்கமாட்டேன் என்றாய். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. நீ சொன்னது சரி. அது வேறு, இது வேறு. உன்னை உன் ஊருக்கு முன்னால் சிறுமைப்படுத்தினேன். அது தெரிந்தேதான் அன்று அஞ்சல் பெட்டி வரை நடந்தேன். மறுபடியும் அதே நிலை வந்தால் மறுபடியும் எழுதுவேன் என்பதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஆகவே மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை.

என் மேல் கோபமாகவே இரு, அக்கா. இந்த வருடமும் இரு, அடுத்த வருடமும் இரு. வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பு. கோபித்துக்கொள்வதற்கு நீ இருக்கிறாய். நான் கேட்டது அவ்வளவுதான்.

என்றும் உன் தம்பி,
செல்வன்